ஒரு கழஞ்சில் இரண்டு கண்கள்

அத்தானை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகு, ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றபடியே அக்கா நேர்ந்துகொண்டார். மண்வெட்டிக்குப் பிடி இறுக்கும்போது தெறித்த சிராய் ஒன்று அத்தானின் வலக்கண்ணில் ஏறியிருந்தது. அக்கா முணுமுணுக்கவில்லை. எதிரில் நிற்கும் ஒருத்தியோடு கதைப்பதுபோலச் சொன்னார்.

"அம்மாளாச்சி, அவரின்ரை கண்ணைத் திருப்பித் தா. ஒரு கழஞ்சுப் பொன்னிலை கண்மலர் செய்து உனக்குச் சாத்திறன்."

கண்மலர் என்றால் அம்மனின் முகத்தில் வைக்கும் இரண்டு தங்கக் கண்கள். அது எனக்குத் தெரியும். கழஞ்சுதான் தெரியவில்லை. எங்கள் பக்கம் தங்கம் என்றால் பவுண், பவுணை உடைத்தால் கிராம், அவ்வளவுதான். அக்கா முப்பது வருடம் தமிழும் சைவசமயமும் படிப்பித்தவர். மரக்கறிக்காரியிடம் கிலோவில் கேட்பார். அம்மனிடம் பேச வாய் திறந்தால் பழைய தமிழ் தானாக வந்துவிடும்.

கண் மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் வெளிச்சம், பிறகு நிறம், பிறகு ஆட்களின் விளிம்பு. அதோடு நின்றுவிட்டது. முகங்கள் புகைக்குள் நிற்கின்றன என்றார் அத்தான். மருந்து விட்டுக்கொண்டு பொறுத்திருக்கச் சொன்னார் டொக்டர். அக்காவுக்குப் பொறுமை இல்லை.

"சொன்னதிலை ஒரு பொட்டுக் குறைஞ்சாலும் கண்ணும் உப்பிடியே நிண்டிடும்," என்றார். கேலி செய்ய வந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

அச்சுவேலியிலிருந்து நெல்லியடிக்கு என் மோட்டார் சைக்கிளில் போனோம். வல்லைவெளியில் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. பின்னால் அக்கா, மடியில் கைப்பை, கைப்பைக்குள் ஒற்றைத் தங்கக் காப்பு. சோடியில் மற்றது போர்க்கால இடப்பெயர்வில் விற்றுச் சாப்பிட்டது.

நகை செய்யும் நெல்லியடிப் பத்தருக்கு என் வயதுதான் இருக்கும். காப்பைத் தராசில் வைத்தார். ஐந்தேகால் கிராம், ஒரு மயிரிழை கூட.

"எங்கடை கணக்கிலை நாலு மஞ்சாடி ஒரு கிராம், ரீச்சர். முப்பத்திரண்டு மஞ்சாடி ஒரு பவுண். கழஞ்செண்டால் இருபது மஞ்சாடி. அப்ப அஞ்சு கிராம். உருக்கேக்கை கழியிறது போனாலும் உந்தக் காப்பே காணும்."

நிம்மதியில் அக்காவின் தோள் இறங்கியது. அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன், "இதிலை ஐந்தேகாலுக்கு மேலை எண்டு கிடக்கு, இன்னொண்டிலை கிட்டத்தட்ட ஐந்தரை," என்று வாசித்துவிட்டேன்.

"அப்ப எது சரி?" அக்கா பத்தரைக் கேட்டார்.

"எல்லாம் சரிதான். கழஞ்சு கிராமுக்கு எவ்வளவோ முந்திப் பிறந்தது. பெரிய பாயைச் சின்னப் பெட்டிக்குள்ளை மடிச்சு வைச்சால் ஒரு மூலை வெளியிலை நீட்டும்தானே."

"நான் கிராமிலை நேரேல்லைத் தம்பி. மஞ்சாடி எண்டது ஒரு விதை. அதையே கொண்டுவாறன்."

"அண்ணை, அந்தப் போனை முதல்லை பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ," என்றார் பத்தர் என்னிடம்.

அடுத்த நாள் காலை அக்கா, தான் படிப்பித்த பள்ளிக்கூடத்து மஞ்சாடி மரத்தின் கீழ் குனிந்து குனிந்து பொறுக்கினார். வீட்டுக்கு வந்து சுளகில் கொட்டினார். சிவப்பு, என்ன சிவப்பு! எண்ணெய் தடவியதுபோல ஒவ்வொன்றும் மினுங்கியது. எண்ணி இருபதை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையில் உருட்டி, சிறியதை, சூம்பியதை, ஓரம் நசிந்ததை எல்லாம் ஒதுக்கி, கொழுத்ததை மட்டும் கிண்ணத்தில் போட்டார். தனக்கு எதிராகவே தராசைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு உறைக்கச் சற்று நேரம் எடுத்தது. வாழ்க்கையில் எதை அளக்கும்போதும் என் விரல் எனக்கு வசதியான பக்கத்தை ஒரு சொட்டு அழுத்தியிருக்கிறது. சுளகின் முன்னால் இருந்த அந்தப் பெண் என்னோடு ஒரு வீட்டில் வளர்ந்தவர் என்பது நம்ப முடியாததாக இருந்தது.

"இஞ்சேரும்," என்றார் அத்தான் சாய்மனைக் கதிரையிலிருந்து. "பழுதானது ஒரு கண்தானே? அரைக் கழஞ்சு காணும் எண்டு சொல்லிப் பாருமன்."

"பேரம் பேசிற ஆளைப் பார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு படுங்கோ, மருந்து விடவேணும்."

மறுபடி வல்லைவெளி, மறுபடி காற்று. பத்தர் இருபது விதைகளையும் தட்டில் இட்டார். ஐந்து தசம் எட்டுக் கிராம்.

"ரீச்சர், வேறை இருபது பொறுக்கினால் அஞ்சுக்குக் கீழையும் நிக்கும்."

"தெரியும். பொறுக்கினது நான்தானே."

"அப்ப காப்புக் காணாது."

அக்கா தன் கையைப் பார்த்தார். மோதிர விரலில் ஒரு மெல்லிய மோதிரம். முதற் சம்பளத்தில் வாங்கியது. கலியாணத்துக்கும் முந்தியது, அவருக்கே அவருக்கென்று இருந்த ஒரே பொன். எழும்பிக் கடையின் பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். சவர்க்காரம் போட்டுத் திருகினார். மூட்டு வீங்கிக் கிடந்தது, வருடக்கணக்காக அது இறங்கியதில்லை. நான் உதவப் போனேன். "விடடா, நீ விரலைக் கழட்டிப்போடுவாய்." உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு. மோதிரம் வந்தது. அது கிடந்த இடத்தில் வெயில் படாத ஒரு வெள்ளை வளையம்.

இரண்டையும் சேர்த்து உருக்கியபோது ஆறு கிராமுக்கு மேல் நின்றது. "கூடிப்போச்சு ரீச்சர். மிச்சத்தை வெட்டித் தரட்டோ?"

"கண்ணுக்கு இமை வேண்டாமோ? இமையாய் அடியுங்கோ."

பத்தர் சிரிக்கவில்லை. தன் கூலியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திப் பாதியைத்தான் சொன்னார். அக்கா முழுதும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசை. ஐயர் கண்மலரை அம்மனின் முகத்தில் வைத்துச் சந்தனத்தால் ஒட்டினார். தீபம் ஏறி இறங்கியது. அக்கா கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டபடி நின்றார். கூப்பிய கையில் அந்த வெள்ளை வளையம் தெரிந்தது. ஆண்கள் வரிசையில் என்னோடு நின்ற அத்தான், ஒரு கையை எடுத்துத் தன் நல்ல கண்ணை, இடக்கண்ணை, பொத்திக்கொண்டார். சிராய் ஏறிய கண்ணால் மட்டும் மூலஸ்தானத்தை நெடுநேரம் பார்த்தார். இங்கிருந்து அங்கே இருபது முழமாவது இருக்கும், இடையில் சாம்பிராணிப் புகை வேறு.

"ஐயா," என்று கூப்பிட்டார், கோயில் முழுக்கக் கேட்க. "வலப்பக்கத்துக் கண் ஒரு நூல் இறங்கிக் கிடக்கு. கொஞ்சம் உயத்தி வையுங்கோ."

ஐயர் குனிந்து பார்த்தார். உண்மைதான். விரல் நுனியால் ஒரு நூல் உயர்த்தினார். அக்கா கண்ணைத் திறந்தார். அம்மனைப் பார்க்கவில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்க, முழுதாகத் திரும்பி, ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்ற மனுசனைப் பார்த்தார்.