கருகல் இறங்கிய சரிவு

சுலக்ஷனா இலையைத் திருப்பிப் பார்த்தாள். மேலே தண்ணீர் கோத்த கருந்திட்டு. அடியில் மாவு தூவியது போல வெள்ளை. நானுஓயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் எட்டுக் குடும்பங்கள் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் மண் அணைத்து வளர்த்த செடி. அந்த எட்டில் அவளுடையதுதான் உச்சிப் பாத்தி.

விவசாயப் போதனாசிரியர் ஜிப்ரியா வந்து பார்த்தார்.

“பூஞ்சணம் மாதிரித்தான் தெரியும். ஆனா இது பாசிக்கு ஒறவு, தண்ணியில நீந்தும். இந்த மூடுபனியில காத்தோட எங்கயும் போகும். எங்கேருந்து வருதோ, அங்க புடுங்கிப் புதைக்கணும்.”

எங்கிருந்து என்று தேட வேண்டியதில்லை. நேர் மேலே, மலையில் அவர்களை வேலை வாங்கும் கண்டாக்கு யோகேஸ்வரனின் நாலு பாத்தியும் கருகி நாறிக்கொண்டிருந்தன.

ஓடிப்போய்க் கேட்டாள். “ஐயா, அந்தச் செடியப் புடுங்கிருங்க. கருகல் எங்களுக்கு எறங்குது.”

“வெயில் அடிச்சா சரியாயிரும். நீ கொழுந்தப் பாரு.”

மறுநாளும் கேட்டாள். அவர் கைபேசியிலிருந்து தலையே நிமிர்த்தவில்லை.

மூன்றாம் நாள் அவள் பாத்தி முழுக்கக் கறுத்தது. தண்டைத் தொட்டால் கூழாகக் கையோடு வந்தது. மண்வெட்டியோடு மேலே ஏறினாள்.

“வேணாம் புள்ள, வேலைய நிறுத்திருவாரு!” கீழ்ப் பாத்தி வீரய்யா கத்தினார்.

“நிறுத்தட்டும்!”

நாலு பாத்தியையும் பிடுங்கி, குழி வெட்டிப் புதைத்தாள். கீழே லயமே நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவரும் ஏறி வரவில்லை.

காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையாக நிற்கையில், யோகேஸ்வரன் கர்ஜித்தார். “மன்னிப்புக் கேளு. இல்லாட்டி ஒரு வாரம் வேலை கெடையாது.”

“எதுக்குங்கய்யா? ரெண்டு தடவ வந்து கெஞ்சினேன். என் செடி செத்துச்சே, நீங்க கேட்டீங்களா மன்னிப்பு?”

வரிசையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினாள். ஒரு வாரம் வேலை இல்லை.

அவளுக்கு ஒரு கிழங்குகூடத் தேறவில்லை. அடுத்திருந்த இரண்டு பாத்திகளும் போயின. கீழே இருந்த ஐந்தும் தப்பின. அறுவடையன்று வீரய்யா ஒரு கூடைக் கிழங்கோடு வாசலுக்கு வந்தார்.

“ஒன்னாலதான் புள்ள பொழைச்சது.”

அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். முகம் மட்டும் இளகவில்லை.

“கெழங்கு எதுக்குங்க மாமா? அன்னிக்கி மம்பட்டியத் தூக்கிக்கிட்டு நீங்க வந்திருக்கணும்.”

அவள் கதவைச் சாத்தினாள்.