ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை

எங்கள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு. ஏன் நாலரை என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன். குரோம்பேட்டையில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஓர் எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும். "ராகு காலம் மேடம், அதனாலதான்!" என்று ஸ்க்ரீனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாத நாற்பது பேர் ஆன்லைனில் கூடுகிற கூட்டம் அது. வாரம் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குடைவார்கள். கனவு எப்படி வருகிறது, உடல்தானத்துக்கு எங்கே எழுதிக் கொடுப்பது என்று எதைப் பற்றியும் பேச்சு போகும். ரிட்டயர் ஆன பிறகு என்னிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்காமல் போன குறையை அந்த ஒன்றரை மணி நேரம் தீர்த்துவைத்தது.

ஒருநாள் ஒருவர், கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு மாற்றலாமே என்றார். உடனே இன்னொருவர் பதறினார்: "அப்ப ராகு காலம் வராதே!" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்மளவிட ராகு காலத்தைக் கறாரா கடைப்பிடிக்கிறவங்க ஊர்ல யாருமில்ல" என்றேன். "அப்ப அதையே ஒரு நாள் பேசுங்க மேடம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பேசுவதற்கு நான் எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. அடுத்த அறையில் என் வீட்டுக்காரர் இருக்கிறார். காலையில் காலண்டர் தாளைக் கிழித்து நேரம் பார்க்காமல் ஸ்கூட்டரை எடுக்கமாட்டார். ராகு காலத்தில் கிளம்பியே தீரவேண்டும் என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார். முன்கூட்டியே பையைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்துவிடுவார். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிய மாதிரியாம். கோவளத்துக்கு மீன் வாங்கப் போகிற ஒயர் கூடைக்குக்கூட இந்த மரியாதை உண்டு.

இதைப் பற்றி நாங்கள் சண்டை போடுவதில்லை. அவர் விளக்கேற்றும்போது நான் டிவி சத்தத்தைக் குறைப்பேன். என் கூட்டத்தின்போது அவர் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரே ஒரு தடவை, "எங்கள மாதிரி ஆளுங்கள வெச்சுத்தான் அப்படிச் சிரிக்கிறீங்களா?" என்று கேட்டார். "சேச்சே" என்றேன். அது முழு உண்மை இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

இப்போது அவரை வைத்தே சிரிக்கவைக்கும் கதை ஒன்று என் கையில் இருந்தது. எங்கள் ஒரே மகள் படிப்பதற்காக வெளிநாடு கிளம்பிய நாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வாசலுக்குக் கார் வந்துவிட்டது. இவர் கேட்டை மறித்துக்கொண்டு, "ஆறு அடிக்கட்டும்" என்று நின்றுவிட்டார். டிரைவருக்கு ஒரு காபி கொடுத்தார், அப்புறம் இன்னொரு காபி. ஆறு மணிக்குக் கிளம்பி, ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஊர்ந்து, பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி, கடைசி ஆளாக ஏர்போர்ட் கவுன்டருக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் நாலு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தக் கதையைக் குறிப்பில் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். மகள் கேட்க ஆசைப்பட்டாள் என்று லிங்க்கைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். அந்தக் குரூப்பில் அவரும் இருப்பது எனக்கு உறைக்கவில்லை.

நான் பேச வேண்டிய ஞாயிறு, நாலு இருபதுக்கே உள்ளே வந்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர் தெரிந்தது: "பஜனை குரூப் டேப்லெட்". "யாருங்க இது, வழி தவறி வந்துட்டாங்களா?" என்று நடத்துகிறவர் கேட்டார். அது அடுத்த அறையில் என் வீட்டுக்காரர் பஜனைக்கு வைத்திருக்கும் டேப்லெட். அவர் ராகு காலம் பிறக்கும் முன்பே உள்ளே நுழைந்துவிட்டார். "என் வீட்டுக்காரர்தான்" என்றேன்.

கதையை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் நல்ல கதையை வீணாக்க மனசு வரவில்லை. அது என் திமிர்தான்.

பள்ளியில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தேன். ராகு காலம் எந்தக் கிழமை எப்போது என்று நினைவு வைத்துக்கொள்ள ஊரில் ஒரு வாக்கியம் உண்டு: 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா'. முதல் எழுத்துகள் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடியும், திங்களுக்கு ஏழரை, அப்புறம் அந்த எழுத்து வரிசையில் ஒன்றரை மணி ஒன்றரை மணியாகத் தள்ளிக்கொண்டே போகும். இதைக் கண்டுபிடித்தவர் நல்ல கணக்கு வாத்தியார் என்றேன். பிறகு எதிர்வீட்டுப் பை, ஒயர் கூடை, கடைசியில் காரும் இரண்டு காபியும். நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் ஸ்க்ரீனில் ஒரு தடவையும், அரை விநாடி கழித்து அடுத்த அறையின் டேப்லெட்டிலிருந்து இன்னொரு தடவையும் கேட்டது. வெட்கமாக இருந்தது.

கேள்வி நேரத்தில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம் மேடம். கூடைக்கே அந்த வழி இருக்குதே. பொண்ணோட பெட்டியை மத்தியானமே எதிர்வீட்ல வெச்சிருந்தா நாலரைக்குக் கிளம்பியிருக்கலாமே? சாருக்கு அது தோணலியா?"

இத்தனை வருஷமாக இந்தக் கதையைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஏன் என்று கேட்கிறவள், இதை மட்டும் கேட்டதே இல்லை.

டேப்லெட்டின் மைக் திறந்தது.

"தோணுச்சு சார்."

"பின்ன ஏன் வெக்கல?"

"வெச்சிருந்தா நாலரைக்கே போயிருப்பா சார்."

அந்தக் குரல் எனக்குக் கதவு வழியாக முதலில் கேட்டது, ஸ்க்ரீனில் அப்புறம்தான். யாரும் சிரிக்கவில்லை. மகள் அதுவரை கேமராவை மூடிவைத்திருந்தாள். இப்போது அவள் முகம் தெரிந்தது. அழுதிருந்தாள்.

"அப்பா, அப்ப டிரைவருக்கு ரெண்டாவது காபி?"

"அதுவும் அதுக்குத்தாம்மா" என்றார்.