சகாயமேரி அளந்து சொன்ன தண்ணீர்

மீஞ்சூர் ஸ்டேஷனில் காலை வண்டிக்காக நின்றிருந்தபோது ஏகாம்பரத்தின் போன் வந்தது. "சார், நம்ம மேரிம்மா பூட்டாங்க சார்" என்றார். வண்டி வந்து நின்றது, புறப்பட்டது. நான் ஏறவில்லை.

திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு சகாயமேரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லேபில் கெமிஸ்ட்டாக இருந்தார். நான் பராமரிப்புப் பிரிவு. தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் பயந்து பயந்து கழித்த மூன்று மாதங்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

எந்திரங்களின் சூட்டை வாங்கி வரும் தண்ணீர், கூலிங் டவரில் ஆறி மறுபடி குழாய்களுக்குள் போகும். இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அதில் குரோமேட் கலப்போம். நல்ல மருந்து, ஆனால் விஷம். அந்த மஞ்சள் தண்ணீர் கடைசியில் கழிவுக் கால்வாய்க்குத்தான் போகும். தூளைக் கொட்டிக் கலக்கும் ஏகாம்பரத்தின் விரலிடுக்குகளில் ஆறாத புண். ஒருநாள் மேரி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப வருஷமா கீதும்மா. இப்ப இன்னா புச்சா பாக்குறீங்கோ?" என்று ஏகாம்பரம் சிரித்தார்.

மேரி சிரிக்கவில்லை. "இத்தனை நாளா தண்ணிய மட்டும்தான் டெஸ்ட் பண்ணிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

குரோமேட்டுக்குப் பதிலாக, மரப்பட்டையிலிருந்து எடுக்கும் டானினைப் போட்டுப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் மூன்று மாதம் அவகாசம் தந்தார். "குழாய் ஓட்டை விழுந்தா யார் பொறுப்பு?" என்று கேட்டார். "நான்" என்று எழுதி மேரி கையெழுத்துப் போட்டார்.

டானின் கலந்ததும் தண்ணீர் டிக்காஷன்போல் பழுப்பானது. துரு கரைந்தாலும் அதே பழுப்புதான். எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. தினமும் காலையில் தொட்டியை எட்டிப் பார்க்கவே எனக்குப் பயம். மேரி தண்ணீரிலுள்ள இரும்பை அளந்து பலகையில் எழுதுவார். அந்த எண் ஏறினால் குழாய் அரிக்கிறது என்று அர்த்தம். "நிறத்தைப் பாத்து பயப்படாதீங்க சார். பயப்படணும்னா நானே வந்து சொல்றேன்" என்பார்.

இரண்டாம் மாதம் வந்து சொன்னார். இரும்பு ஏறியிருந்தது. மூடி மறைக்காமல் அந்த எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, மேனேஜரிடமும் அவரே போனார். நாளை சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் பழைய குரோமேட்டே என்று உத்தரவானது.

மறுநாள் காலை மேரியும் ஏகாம்பரமும் நானும் ஒவ்வொரு குழாயாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கச் சொட்டுச் சொட்டாக ஆசிட் விடும் வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. அளவுக்கு மீறிய ஆசிட் இரும்பை அரித்திருக்கிறது. அந்த வால்வை மாற்றச் சொல்லி ஏகாம்பரம் பத்து நாளைக்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். நான்தான் தள்ளிப் போட்டேன். வால்வை விட்டுவிட்டு ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தேன்.

மேரிக்குப் புரிந்துவிட்டது. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

நானே போய்ச் சொன்னேன். மேனேஜர் கத்தித் தீர்த்தார். எனக்கு மெமோ வந்தது. ஆனால் டானினை நிறுத்தவில்லை. வால்வை மாற்றிய பிறகு இரும்பு இறங்கியது. மூன்று மாதம் முடிந்து குழாயைத் திறந்தபோது உள்சுவரில் டானின் கட்டிய கருநீலக் காப்புப் படலம்தான் இருந்தது, துரு இல்லை. "பேஜாரு வுட்டுச்சு" என்று ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். குரோமேட் டிரம்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. அவர் கைப்புண் ஆற ஒரு வருடம் பிடித்தது.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் மேரியைப் பார்த்தேன். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "சார், தண்ணி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. எனக்கு எதுவும் தெரியாது. "நல்லா இருக்கு மேரி" என்றேன். "போய்ப் பாத்தீங்களா?" என்றார். நான் தலையாட்டினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் தொழிற்சாலைக்குப் போய் லேப் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரும்பு குறைவாகத்தான் இருக்கிறது. நான் சொன்னது பொய்யாகவில்லை. ஆனால் பார்க்காமலே, பார்த்ததாகத் தலையாட்டினேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த உறுத்தல்தான். இப்போதெல்லாம் "நல்லா இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தால், போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.