பூனைக்கு எரிச்சல்

என் கணவர் கட்டாரிலிருந்து வந்து இறங்கிய அன்றே எங்கள் கடுவன் பூனை அவருடைய பயணப் பையில் சலம் கழித்தது.

அதுவரை அது மணல் போட்ட பேசினைத் தவிர வேறெங்கும் சலம் போனதில்லை. கடற்கரையில் அள்ளிய மணலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, குளியலறை மூலையில் வைத்திருப்பேன். அது போய் இருந்து, மணலை இழுத்து மூடிவிட்டு, பெரிய உத்தியோகத்தர் மாதிரி நடந்து வரும். அவர் இல்லாத வருடங்களில் இந்த வீட்டில் எனக்கிருந்த துணை அது ஒன்றுதான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நானும் அதுவும் ஒன்றாகத்தான் திடுக்கிடுவோம்.

பையைக் கழுவிக் கொடியில் போட்டேன். மறுநாள் அவர் உடுத்துக் கழற்றிப்போட்ட சாரம். பிறகு கட்டிலில் அவர் படுக்கும் பக்கம், அவர் ஆசையாகக் கொண்டுவந்த புசுபுசுவென்ற போர்வை. இந்த ஊர் வெக்கைக்கு அது எனக்கு வேண்டாமென்று நான் பழைய விரிப்பிலேயே படுத்தேன். என் பக்கம் ஒரு சொட்டு இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அங்கால் நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அது வேறொண்டுமில்லை பிள்ளை, எரிச்சல். இவ்வளவு காலமும் தான்தான் வீட்டுக்காரன் எண்டு இருந்திட்டுது. இப்ப உம்மட மனுசன் வந்து கட்டிலைப் பிடிச்சா அதுக்கு எரியாதோ?"

நான் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. ஆளுக்கு ஏற்கெனவே மனம் சரியில்லை. இனித் திரும்பிப் போவதில்லை என்று வந்தவருக்கு இங்கே ஒரு வேலையும் சரிவரவில்லை. கழுவிக் காய்ந்த பையை அவர் அலுமாரிக்கு மேல் வைத்தார். தூசு தட்டப் போனபோது அதற்குள் அவர் தன் சேட்டுகளை மடித்து வைத்திருப்பதைக் கண்டேன். ஏனென்று கேட்கப் பயம். கேட்டால் பதில் வந்துவிடுமே.

எரிச்சலைத் தணிக்க அக்காவே வழியும் சொன்னார். என் கணவர் தன் கையால் பூனைக்குச் சாப்பாடு வைக்க வேண்டுமாம். அதோடு அவரைக் குசினியில் கதிரை போட்டு இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார், பூனையின் நாவூறு கழியட்டுமென்று. நாங்கள் மூன்று பேரும் இருமினோம். பூனை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அவரும் முயன்றார், பாவம். சந்தையில் கருவாடு வாங்கி, வறுத்து, உதிர்த்து ஊட்டினார். நாள் தவறாமல் ஊட்டினார். அது வடிவாகத் தின்றுவிட்டு அவருடைய போர்வைக்கே போனது.

"கிண்ணியாப் பக்கம் மீன் சந்தையில கொண்டுபோய் விடுவம்," என்றார் ஒரு நாள். "அங்க சாப்பாட்டுக்குக் குறையில்லை. பாலம் தாண்டித் திரும்பி வராது."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். சொல்லும்போது அலுமாரிக்கு மேலே பார்த்தார். பூனை போகாவிட்டால் அவர் போய்விடுவார் போலிருந்தது.

அந்தக் கிழமை முழுவதும் நான் மூக்கால்தான் வாழ்ந்தேன். வேலையால் வந்ததும், அவர் அறைக்குள் போக முதல், கட்டிலை மணந்து பார்ப்பேன். ஈரம் பட்டால் அவசரமாக அலசிப் போட்டுவிட்டு, ஒன்றும் நடவாதது போல் தேத்தண்ணி ஊற்றுவேன். பூனை பேசினுக்குள் குந்துவதும் எழும்புவதுமாக இருப்பதைக் கண்டேன். அதையும் வீம்பு என்றே எடுத்தேன். "உனக்கு இஞ்ச என்னடா குறை?" என்று அதட்டினேன். அது என் காலில் தலையை முட்டியது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிடும் நேரம், அவர் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அறையிலிருந்து வந்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"இதைப் பாரும். இது சலம் மட்டுமில்லை. ரத்தம்."

வேட்டியில் இளஞ்சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. சாரமும் போர்வையும் கடும் நிறம் என்பதால் அதுவரை எங்களுக்குத் தெரியவில்லை. பூனை கட்டிலுக்குக் கீழே குந்தி, வாயைத் திறந்தபடி முக்கிக்கொண்டிருந்தது.

அவர்தான் பையை இழுத்து இறக்கினார். சேட்டுகளைக் கட்டிலில் கொட்டிவிட்டுப் பூனையை அதற்குள் வைத்தார். ஓட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் கெதியாப் போங்கோ தம்பி," என்று வழியெல்லாம் சொன்னார். ஊருக்குள் திரியும் மான்கள் வீதியைக் கடக்க ஓட்டோ நின்றது. ஊரே கொண்டாடும் அந்த மான்களை அன்று எனக்கு அடித்து விரட்ட வேண்டும்போல் இருந்தது.

மிருக வைத்தியர் ஒரு பெண். பூனையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எரிச்சல் எவ்வளவு நாளா இருக்கு?"

இவர் தலையைக் குனிந்தார். "நான் வந்த நாளில இருந்து டொக்டர். எனக்கும் அதுக்கும் சரிவரேல்லை. நானும் கருவாடெல்லாம் குடுத்துப் பாத்தனான்."

வைத்தியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சலம் போகேக்க வாற எரிச்சலைக் கேட்டனான்."

பிறகு விளக்கினார். சலம் போகும் வழி புண்ணாகி, இப்போது அடைத்துவிட்டது. மணலில் இருந்தால் நோகிறது என்று அது மெத்தென்ற இடங்களாகத் தேடியிருக்கிறது. நாளைக்கென்று விட்டிருந்தால் தப்பியிராது. கருவாட்டை உடனே நிறுத்த வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

உள்ளே மயக்கி, குழாய் விட்டுச் சலத்தை எடுக்கும்வரை நாங்கள் வெளியே போட்டிருந்த மர வாங்கில் குந்தியிருந்தோம். அவர் வெறும் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு என்னோட ஒரு கோபமுமில்லை," என்றார். பையை மடியில் வைத்தபடி, "எனக்குத்தான் எரிச்சல். நான் இல்லாத காலமெல்லாம் உம்மோட இருந்தது அதுவெல்லோ," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பூனை பைக்குள் அரை மயக்கத்தில் கிடந்தது. பாதி வழியில் அவருடைய மடி நனைந்தது. நான் பதறிப் பையைத் தூக்கப் போனேன். அவர் விடவில்லை.

"போகட்டும், நல்லாப் போகட்டும்," என்றார். "இந்தப் பை இனி எயாப்போட்டுப் பக்கம் கொண்டுபோக உதவாது."