கடலுக்கு வாசல் இல்லை

அப்பா இறந்து மூன்று மாதம் இருக்கும். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பையன்கள் வேன் பிடித்துத் திருகோணமலைக்குக் கிளம்பினார்கள். "சும்மா வாடா, மனசுக்கு மாறுதலா இருக்கும்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கோட்டை, துறைமுகம், கப்பல் எல்லாம் பார்த்தேன். எதுவும் மனதில் ஏறவில்லை. சாவு வீட்டில்கூட நான் அழவில்லை.

மற்றவர்கள் பாறை மேல் இருக்கும் கோயிலுக்குப் போனார்கள். நான் படகுகள் நிற்கும் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தம்பி ஏன் போகல்ல?" என்று கேட்டார் ஒரு முஸ்லிம் படகுக்காரர்.

"அப்பா செத்துட்டாருங்க நானா. ஒரு வருசத்துக்குக் கோயில் வாசல மிதிக்கக் கூடாது." முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"கடலுக்கு ஏது வாசல்? ஏறுங்க."

கோயில் பாறைக்கு நேர் கீழே எஞ்சினை நிறுத்தினார். மேலே மணி அடித்தது. எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை.

"அப்பாட பேரென்ன?"

அப்பா பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. "ராமையா" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் விரித்து மெதுவாக ஏதோ ஓதினார். நடுவில் அந்தப் பேர் கேட்டது.

அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் அப்பா செத்துப்போனது எனக்கு உறைத்தது அந்தப் படகில்தான்.