தேசிக்காய் நசித்த சில்லுகள்

சம்பந்தியம்மாவை நினைத்தால் அவர் காரில் ஏறாமல் நின்ற அந்தக் காலைதான் முதலில் வருகிறது. கதவு திறந்திருந்தது. என் மருமகன், அவருடைய மகன், முன்னமே காரைச் சூடாக்கி வைத்திருந்தார். சம்பந்தியம்மா கறுத்தக் குளிர்க்கோட்டும் கம்பளித் தொப்பியுமாகச் சக்கரத்தடியில் குனிந்து முன்சில்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குள் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றினார். அன்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டிய நாள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துதான் அவருடைய உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் என் மகளின் மாமியார். இந்தக் குளிர்நாட்டில், டொலார்ட் என்கிற ஊரில் மகள் வீட்டில் நாங்கள் இருவரும் ஒன்றாக இருந்தோம். அவர் என்னைத் தங்கச்சி என்பார், நான் அவரை அக்கா என்பேன். இரண்டு சம்பந்திகள் ஒரு குசினியில் நின்றால் சண்டை வரும் என்று மகள் பயந்தாள். வரவில்லை. நான் வாய் திறந்தால்தானே சண்டை வர.

அந்த வருசக் கோடையில்தான் மருமகன் புதுக் கார் வாங்கியிருந்தார். கோயிலில் பூசை வைத்து, ஐயர் நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைக்க, மருமகன் நசித்துக்கொண்டு காரை எடுத்தார். குளிர் தொடங்கியதும் அந்தப் பளபளத்த சில்லுகளைக் கழற்றிக் கராச்சில் அடுக்கிவிட்டு, பனிக்கால ரயர் போட்ட கறுத்த இரும்புச் சில்லுகளைப் பூட்டினார். ஐஸ் உருக றோட்டில் கொட்டுகிற உப்பு நல்ல சில்லுகளைத் தின்றுவிடும் என்று இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். சம்பந்தியம்மா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார், "தேசிக்காய் நசிச்ச சில்லு கராச்சுக்க கிடக்கு. இது ஆரின்ரை சில்லு?"

மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூசை காருக்குத்தானே அம்மா, சில்லுக்கு இல்லையே என்றார். அவர் அசையவில்லை. அப்படியென்றால் இப்பவே நாலு தேசிக்காய் வைத்து எடுக்கிறேன் என்றார். "ஒரு பிள்ளைக்கு ரெண்டு தரமோ பேர் வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவர் அறைக்குள் போய்விட்டார். அன்று மெஷினுக்குப் போகவில்லை.

குசினிக்குள் வைத்து மகள் மெல்லச் சொன்னாள். மருமகனுக்கு ஒரு தம்பி இருந்தவராம். அவரும் புதுக் கார் வாங்கி, இதே மாதிரிப் பூசை வைத்து எடுத்தவராம். குளிருக்குச் சில்லு மாற்றிய கொஞ்ச நாளில் பெருந்தெருவில் கார் வழுக்கி, ஆள் வீடு திரும்பவில்லை. சாமியும் காப்பாற்றவில்லையே என்று எல்லாரும் அழ, சம்பந்தியம்மா மட்டும் சாமியில் பிழையில்லை, சில்லை மாற்றினதுதான் பிழை என்றாராம். அது சாமிக்காகச் சொன்ன நியாயமா, தனக்காகச் சொன்ன நியாயமா? எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை.

அடுத்த நாளே மருமகன் கடைக்குப் போனார். பனிக்கால ரயரைக் கறுத்த இரும்பிலிருந்து கழற்றி, பூசை வைத்த அந்தப் பளபளத்த உலோக வட்டத்திலேயே, றிம்மிலேயே போட்டுக்கொண்டு வந்தார். சம்பந்தியம்மா பார்த்தார், ஏறினார். தேசிக்காயை நசித்தது ரயர்தானே, றிம் நிலத்தில் முட்டவேயில்லையே என்று எனக்குள் ஒரு கேள்வி. யாரிடம் கேட்பது? எல்லாவற்றையும் கவனிக்கிற அவருக்கும் அது தோன்றாமல் இருந்திருக்குமா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அந்த றிம்களைக் காப்பாற்றுவது மருமகனுக்கு ஒரு வேலையாகிவிட்டது. பனி விழுமுன் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெழுகு பூசுவார். பிறகு கிழமைக்கு ஒரு தரம் கராச்சுக்குள் குந்தியிருந்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியை இடுக்கெல்லாம் விட்டுத் துடைப்பார். நான் குசினியிலிருந்து வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். நாசமாய்ப் போன உப்பு என்று அவர் வாய் ஓயாமல் ஏசுவார். சம்பந்தியம்மா கராச்சுக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மகன் உப்பை ஏசத் தொடங்கியதும் உள்ளே போய்விடுவார். குளிர் தாங்காமல் போகிறார் என்று நினைத்தேன்.

எவ்வளவு துடைத்தும் உப்பு விடவில்லை. கல் பட்ட கீறலுக்குள்ளால் போய், மேல்பூச்சுக்குக் கீழே புழு ஊர்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்தது. ஒரு குளிர்காலத்தில் முன்சில்லு ஒன்றில் காற்று இறங்கத் தொடங்கியது. ரயர் ஒட்டியிருக்கிற விளிம்பை உப்பு அரித்துவிட்டது, இனி இந்த றிம்மில் பெருந்தெருவில் ஓடக்கூடாது என்று திருத்துகிற கடையில் சொல்லிவிட்டார்கள்.

மருமகன் அதைத் தாயிடம் சொல்லவில்லை. காலையில் அவர் எழும்பமுன் கராச்சுக்குப் போய்ச் சில்லுக்குக் காற்று அடித்துவிட்டு வருவார். மகள் அவரைக் குசினிக்குள் மறித்தாள்.

"நடுறோட்டில காத்துப் போனா என்னப்பா செய்யிறது? மாமிக்குச் சொல்லுங்கோ."

"சொன்னா ஏறமாட்டா. ஏறாட்டி..." என்றார் மருமகன்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம்.

கடைசியில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் காலை மருமகன் காற்று அடித்துக்கொண்டிருக்கையில் சம்பந்தியம்மா வீட்டுச் செருப்போடு கராச்சுக்குள் வந்தார். குனிந்து அந்த வெள்ளையை விரலால் தேய்த்தார். மா மாதிரித் தூள் விரலில் ஒட்டியது. பிறகு, "மாத்து தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரில் பழைய கறுத்த இரும்புச் சில்லுகள் பூட்டியிருந்தன. தேசிக்காய் இல்லை, பூசை இல்லை. சம்பந்தியம்மா ஒன்றும் கேளாமல் முன்னுக்கு ஏறி இருந்தார். எனக்குத்தான் பயம் பிடித்தது. துணைக்கு வாறன் என்று பின்னுக்கு ஏறினேன்.

பெருந்தெருவில் எங்களுக்கு முன்னே உப்பு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது கொட்டிய உப்பு தெறித்துச் சடசடவென்று காரில் பட்டது. மருமகன் பழக்கத்தில் உப்பை ஏசிக்கொண்டே முந்துவதற்குச் சிக்னலைப் போட்டார்.

"ஏசாதை தம்பி," என்றார் சம்பந்தியம்மா. "உன்ரை தம்பி போன அண்டைக்கு அந்த றோட்டில உப்புப் போடேல்லை."

மருமகன் சிக்னலை நிற்பாட்டினார்.

"அவனுக்குப் பின்னால வேறை காரில வந்த பெடியன் செத்தவீட்டில எனக்குச் சொன்னவன். வெறும் ஐஸாம்."



அப்படியென்றால் உப்புப் போடாததுதான் காரணம் என்று இந்த மனுசிக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை வருசமும் தேசிக்காயைப் பிடித்துக்கொண்டிருந்தாரா? இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படி வைத்திருந்தார்? உப்புப் போடாததுக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது, இந்த ஊர்ப் பாஷையும் தெரியாது, சில்லு என்றால் வீட்டுக்குள்ளேயே சரிப்பண்ணிவிடலாம் என்று நினைத்தாரோ? ஒருநேரம் அப்படித்தான் என்று படுகிறது. இன்னொருநேரம், நானாக ஒரு காரணம் கட்டுகிறேனோ என்று இருக்கிறது. அதற்குப் பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கறுத்தச் சில்லிலேயே போய் வந்துகொண்டிருந்தார். முந்தின வருசம் அவருடைய உடம்பு, இனிக் காணும், போதும் என்று ஓய்ந்துவிட்டது.

இப்போது குளிர் வந்தால் மருமகன் பேசாமல் சில்லுகளை மாற்றுகிறார். உப்பை ஏசுவதில்லை. நான் டொக்டரிடம் போகும் நாட்களில் முன்னுக்கு இருக்கிறேன். வழியில் உப்பு வண்டி வந்தால் அவர் முந்துவதில்லை. மற்றக் கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போகும். நாங்கள் மட்டும் உப்பு தெறிக்கத் தெறிக்க, அது திரும்பும் இடம் வரைக்கும் பின்னாலேயே போவோம்.