அண்ணையின் பேராசிரியர்

இளைஞர்கள் ஒவ்வொருவராக ஆயுத இயக்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் அண்ணை அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். போகும்போது அவருடைய பெட்டியில் இருந்ததெல்லாம் இடதுசாரிப் புத்தகங்கள். அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியரோ அந்த நாட்டின் பழமைவாதச் சிந்தனையாளர்களில் ஒருவர். முதல் வருடம் முழுவதும் அவரோடு சண்டைதான் பிடித்ததாக அண்ணை சொல்லியிருக்கிறார். பிறகு அங்கேயே தங்கி, அந்தக் கிழவர் கண்மூடும் வரை அவருக்கு உதவியாளராக இருந்தார்.

போர் முடிந்தபின் அண்ணை யாழ்ப்பாணத்து உடுவிலில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். அவர் கலியாணம் செய்யவில்லை. நான் கணவரை இழந்தவள், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. காலையில் ஆளுக்கொரு கோப்பைத் தேநீரோடு இருந்து, அவர் தன் பேராசிரியரின் பெரிய புத்தகத்தைத் தமிழாக்க, நான் வசனங்களைத் திருத்துவேன். பின்னேரங்களில் மருதனார்மடச் சந்தியில் ஓர் இரும்புக்கடைக்கு மேலிருந்த அறையில் வாசிப்பு வட்டம் நடத்தினார்.

பேராசிரியர் சொன்னது சிக்கலானதல்ல. உலகத்தை ஒரே நாளில் புதிதாக்கப் புறப்படுகிறவர்களை அவர் நம்பவில்லை. குடும்பம், வழிபாட்டிடம், வாசிகசாலை, கூட்டுறவுச் சங்கம் போன்ற சின்னச் சின்னச் சேர்க்கைகள்தான் மனிதனைக் காப்பாற்றுகின்றன. பெரிய அதிகாரம் அவற்றை விழுங்கிவிட்டால் அவன் தனித்துப்போய் எதற்கும் இரையாவான் என்றார். பெரிய பெரிய வாக்குறுதிகளுக்கெல்லாம் பிள்ளைகளைக் கொடுத்து முடித்திருந்த எங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. அறை நிறைய ஆட்கள் வந்தார்கள்.

கடைசி இரண்டு அத்தியாயங்கள் மீதி இருக்கும்போது அண்ணைக்கு இருதய நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, “அந்தப் புத்தகத்தை முடிச்சுவிடு. எங்கடை சனத்துக்கு அது தேவை” என்றார். முடித்தேன். அச்சிட்டும் விட்டேன். ஆனால் அதற்குள் அண்ணை இல்லை.

வெளியீட்டு விழாவைத் தங்கள் கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்று வட்டத்தில் இருந்த ஒருவர் கேட்டார். அவர் வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் கோயிலின் தலைவர். அந்த வருடம் கோயிலுக்குப் பின்னால் இருந்த குடியேற்றத்து இளைஞர்கள், தேர் வடத்தைத் தாங்களும் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர்களுடைய சாதியார் அங்கே ஒருநாளும் வடம் தொட்டதில்லை. விஷயம் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் புத்தகத்துக்கும் அதற்கும் முடிச்சு விழும் என்று நினைக்கவில்லை.

தலைவர் பேச எழும்பியதும் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார்.

“முன்னோர் தந்த முறையிலை கை வைக்கக் கூடாதெண்டு இந்தப் பெரிய மனுசன் அமெரிக்காவிலை இருந்துகொண்டு எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரனுக்கு விளங்கினது எங்கடை பொடியளுக்கு விளங்கேல்லை!”

மண்டபம் கைதட்டியது. நான் எழுந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

“அடுத்த பக்கத்தையும் வாசியுங்கோ. தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாத வழமை செத்துப்போகும் எண்டும் அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பொடியளைக் கூப்பிட்டுக் கதையுங்கோ.”

தலைவர் பணிவாகச் சிரித்தார். “ஓம், ஓம். ரீச்சர் சொல்லுறதும் அதைத்தான். ஆறுதலாய்க் கதைப்பம். அவசரப்படக் கூடாது.”

அதற்கும் கைதட்டினார்கள். பிறகு வடையும் தேநீரும் வந்தன. பலர் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அன்று விற்றது போலப் புத்தகம் அதன்பின் விற்கவேயில்லை.

அண்ணையின் பள்ளித் தோழர் ஒருவர் விழாவுக்கு வரவில்லை. கணித ஆசிரியராக இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளம் போய், பல வருடம் கழித்துத் தனியாகத் திரும்பியவர். வட்டத்தின் ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவர் அவர்தான். புத்தகத்தை அவருக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து யாழ்ப்பாண ரவுணில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். பாதி வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை. எனக்குக் கதிரை தந்துவிட்டு அவர் வாசற்படியில் இருந்தார்.

“வாசிச்சனான் தங்கச்சி, நல்ல தமிழ். ஆனால் ஒண்டு கேக்கிறன். எங்களைப் போகச் சொன்ன அண்டைக்கு இந்தச் சின்னச் சபையளெல்லாம் இருந்ததுதானே? கோயில் இருந்தது, சங்கம் இருந்தது, நான் படிப்பிச்ச பள்ளிக்கூடம் இருந்தது. ஒண்டாவது வாய் திறந்ததோ?”

“பயம், மாஸ்டர்,” என்றேன்.

“பயம்தான். நான் எண்டாலும் பயந்திருப்பன். குறையாய்ச் சொல்லேல்லை. காப்பாத்தும் எண்டு எழுதியிருக்கிறார், அதுதான் கேட்டனான்.”

அண்ணையிடம் இதற்குப் பதில் இருந்திருக்குமோ தெரியாது. இத்தனை வருடம் இருவரும் வட்டத்தில் ஒரே அறையில் கூடியிருந்தும், இவர் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்காமல் விட்டது ஏன் என்றும் எனக்குத் தெரியாது. அண்ணையின் மனம் நோகக்கூடாது என்று நினைத்திருக்கலாம்.

தேர்த் திருவிழாவுக்குப் போனேன். கோயிலார் அந்த இளைஞர்களோடு கதைக்கவேயில்லை போலும். வடத்தில் ஒரு கையும் இல்லை. உழவு இயந்திரம் ஒன்றைக் கட்டித் தேரை இழுத்தார்கள். பொலிஸ் முன்னால் நடந்தது. குளித்து வேட்டி கட்டி வந்த அந்த இளைஞர்கள் வீதியின் மறுபக்கத்தில் நின்று, புகை கக்கிக்கொண்டு போன இயந்திரத்தைப் பார்த்தார்கள். என்னருகில் நின்ற பெண், “நல்லகாலம், சண்டை ஒண்டும் வரேல்லை” என்றாள்.

அதன்பின் நான் வட்டத்தைக் கூட்டவில்லை. ஏன் கூட்டவில்லை என்று ஒருவரும் கேட்கவுமில்லை. இரும்புக்கடைக்காரர் அறையை ஒரு ரியூசன் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

சில மாதங்களின் பின், பேராசிரியரின் பழைய மாணவர்கள் அமெரிக்காவில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அவருடைய சிந்தனையை முன்னெடுத்துச் செல்பவர்களைப் பல நாடுகளிலிருந்தும் இணையவழியாகப் பேச அழைத்திருந்தார்கள். அங்கே மாலை, எனக்கு விடியற்காலை. என் முறை வந்தபோது தமிழ்ப் புத்தகத்தைத் திரையில் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நரைத்த பெண் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் அண்ணையை அவருக்கு நன்றாகத் தெரியுமாம்.

உங்கள் வட்டத்தில் இப்போது எத்தனை பேர் என்று கூட்டத்தை நடத்தியவர் அன்பாகக் கேட்டார்.

“நான் மட்டும்தான்,” என்றேன். தேரைப் பற்றியும், கூரையில்லாத வீட்டில் கேட்ட கேள்வியைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். எனக்கான நேரம் முடிந்திருந்தது. மிகவும் நன்றி என்று சொல்லி அவர் அடுத்த நாட்டைக் கூப்பிட்டார். அங்கிருந்து பேசிய இளைஞனின் ஆங்கிலம் சரளமாக இருந்தது. அவன் ஊரில் எல்லாம் நல்லபடியாக நடக்கிறதாம். கொஞ்ச நேரம் கேட்டிருந்துவிட்டுக் கணினியை மூடினேன்.